தண்டர்பேர்ட் தமிழ்க் கையேடு: நீல அட்டையா, மஞ்சள் அட்டையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பேருந்து நிலையத்துக்குப் பின்வரிசையில் ஒரு சின்னக் கணினிக் கடை இருக்கிறது. பிரிண்டருக்கு மை நிரப்புவார்கள், உடைந்த கைப்பேசிக் கண்ணாடி மாற்றுவார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிவம் அச்சடித்துத் தருவார்கள். அந்தக் கடையை நடத்தும் தம்பி தானே எழுதி, தானே அச்சடித்து, நடுவில் இரண்டு பின் அடித்து விற்கும் 36 பக்கக் கையேட்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழில் படிப்படியாகச் சொல்லும் கையேடு. விலை 8 வெள்ளி (ரிங்கிட்). முதல் பதிப்புக்கு நீல அட்டை, இரண்டாம் பதிப்புக்கு மஞ்சள் அட்டை. மஞ்சளை வாங்குங்கள். நீலம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தால், கடைசி வரை படித்துவிட்டு அதைத் திறங்கள்.

நான் 1979இல் ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, சேர்ந்தவன். 2014இல் பெரிய கிராணியாக ஓய்வு பெற்றேன். அதற்குள் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் டவுனைச் சுற்றியுள்ள தாமான்களுக்குக் (குடியிருப்புப் பகுதிகளுக்குக்) குடிபெயர்ந்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. அதன் நிர்வாகக் குழுவுக்கு இப்போது நான் செயலாளர். திருவிழா ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி, கூடாரம் போட நகராண்மைக் கழகத்துக்கு விண்ணப்பம், உறுப்பினர்களுக்குக் கூட்ட அறிவிப்பு, ஈப்போவில் இருந்து வரும் நாதஸ்வரக் குழுவோடு பேச்சுவார்த்தை என்று எல்லாக் கடிதமும் மின்னஞ்சலில்தான் போகிறது, வருகிறது.

முதலில் மென்பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தண்டர்பேர்டை மொசில்லா அறக்கட்டளையின் கீழ் உள்ள ஒரு நிறுவனம் நடத்துகிறது. ஃபயர்பாக்ஸ் உலாவி வந்த அதே வீடு. முதல் முழுப் பதிப்பு 2004 டிசம்பர் 7ஆம் தேதி வெளிவந்தது. காசு இல்லை, பயன்படுத்துகிறவர்கள் தரும் நன்கொடையில்தான் ஓடுகிறது. ஒரே ஒரு ஜிமெயில் முகவரியைக் கைப்பேசியில் மட்டும் பார்ப்பவருக்கு இது தேவையே இல்லை. என்னைப் போல மூன்று முகவரிகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டியவருக்கும், பழைய கடிதங்களைத் தன் கணினியிலேயே வைத்துக்கொண்டு இணையம் இல்லாத நேரத்திலும் தேடிப் பார்க்க வேண்டியவருக்கும் இதைவிட நல்ல மென்பொருளை நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் இணையம் போனால் சில சமயம் அரை நாள் வராது. அப்போதும் நான்கு ஆண்டுக்கு முந்தைய அனுமதிக் கடிதத்தை எடுத்துப் படிக்க முடிகிறது.

இரண்டு சின்ன வசதிகள் என்னை மிகவும் கவர்ந்தன. கடிதத்தில் ‘இணைப்பு’ என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டு, கோப்பை இணைக்காமல் அனுப்பப் போனால் அது நினைவுபடுத்துகிறது. அந்தச் சொற்பட்டியலில் நம் சொற்களையும் சேர்க்கலாம் என்பதால் ‘இணைத்துள்ளேன்’ என்று தமிழில் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்னொன்று, பெறுநர் வரிசையில் 15 முகவரிகளுக்கு மேல் போட்டால், எல்லாரும் எல்லாருடைய முகவரியையும் பார்ப்பார்கள், மறைநகலில் (பிசிசி) போடலாமே என்று மேலே ஒரு வரி வந்து நிற்கிறது. கோயில் உறுப்பினர்களின் முகவரி முன்பின் தெரியாதவர் கைக்குப் போகாமல் இருக்க அந்த ஒரு வரி உதவுகிறது.

சரி, கையேட்டுக்கு வருகிறேன்.

கோயிலுக்குச் சொந்தமாக ஓர் இணைய முகவரி வாங்கியிருந்தோம். ஜிமெயில் போன்ற பெரிய சேவைகள் என்றால் பெயரையும் முகவரியையும் கொடுத்தால் போதும், சர்வர் (கடிதங்களை வைத்திருந்து அனுப்பும் சேவைக் கணினி) விவரங்களைத் தண்டர்பேர்டே கண்டுபிடித்து நிரப்பிக்கொள்ளும். எங்கள் சின்ன முகவரிக்கு அப்படிக் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் கையால் நிரப்ப வேண்டியதாகிவிட்டது. அதற்காகத்தான் நீல அட்டைக் கையேட்டை வாங்கினேன். பதினோராம் பக்கத்தில் அழகாகக் கட்டம் போட்டு இருந்தது: உள்வரும் அஞ்சல், வகை ஐமேப், பாதுகாப்பு எஸ்.எஸ்.எல், போர்ட் எண் 933. ஐமேப் என்றால் கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை, எஸ்.எஸ்.எல் என்றால் வழியில் மற்றவர் படிக்காதபடி பூட்டும் முறை, போர்ட் என்பது சர்வருக்குள் நுழையும் வாசல் எண்.

அப்படியே நிரப்பினேன். இணைக்க முடியவில்லை என்று வந்தது. கடவுச்சொல்லைத் தவறாக அடித்திருப்பேன் என்று நினைத்து மறுபடி அடித்தேன். அதே பதில். கடவுச்சொல்லையே மாற்றினேன், ஒரு முறை இல்லை, மூன்று முறை. கோயில் ஆபீசில் காலை ஏழரைக்கு உட்கார்ந்தவன் பதினொன்றரைக்கும் அங்கேயே இருந்தேன். பூசாரி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். போலீஸ் அனுமதிக்கு விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள் என்பதால் என் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

மத்தியானம் பள்ளி விட்டு என் பேத்தி வந்தாள். முகவரி வாங்கியபோது சேவை நிறுவனம் கொடுத்திருந்த தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். தோட்டத்து ஆபீசில் செக்ரோலை, அதாவது தொழிலாளர் பெயரும் சம்பளமும் எழுதும் ஏட்டை, சரிபார்க்க எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் தன் ஏட்டில் விரல் வைத்துக்கொண்டு வர வேண்டும். தாளை அவள் படித்தாள். நான் கையேட்டில் விரல் வைத்தேன்.

“போர்ட், ஒன்பது, ஒன்பது, மூணு.”

என் விரல் இருந்த இடத்தில் ஒன்பது, மூன்று, மூன்று.

“திரும்பப் படிம்மா.”

“ஒன்பது, ஒன்பது, மூணு, தாத்தா.”

அவ்வளவுதான் விஷயம். 993 என்று மாற்றிய மறு நிமிடம் கோயில் அஞ்சல் பெட்டி திறந்துகொண்டது. ஐமேப் முறையில் எஸ்.எஸ்.எல் பாதுகாப்போடு இணைக்க 993தான் எண். கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறைக்கு 995. வெளியே அனுப்ப 465 அல்லது 587. உலகம் முழுக்க இதே எண்கள்தான். அச்சில் ஓர் இலக்கம் புரண்டதால் எனக்குப் போனது நான்கு மணி நேரம். விண்ணப்பம் எப்படியோ அன்று மாலைக்குள் போய்ச் சேர்ந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் சின்னக் கிராணியாக இருந்த முதல் வருடத்தில், எங்கள் டிவிஷனில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள் பால் வெட்டினார்கள். தகப்பன் பெயரில் மட்டும்தான் வேறுபாடு. ஒரு மாதம் இருவருடைய பால் எடையையும் நான் வரிசை மாற்றி எழுதிவிட்டேன். சம்பள நாளன்று குறைவாக வாங்கிய அக்கா ஒன்றும் பேசாமல் ஆபீஸ் வராந்தாவில் வந்து நின்றார். கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஏட்டில் எங்கே தப்பு என்று காட்டவும் தெரியாது. தான் வெட்டிய பால் இவ்வளவு இல்லை, இதைவிட அதிகம் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். பெரிய கிராணியார் மண்டோரைக் (வேலையை மேற்பார்வை செய்பவரை) கூப்பிட்டு, ஒவ்வொரு நாளாக எடைச் சீட்டைப் பார்த்து, மாலைக்குள் திருத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு பெயரை ஏட்டில் எழுதும்போதெல்லாம் அந்த அக்கா வராந்தாவில் நின்றது என் கண்முன் வரும்.

கையேடு வாங்குகிறவரும் அதே நிலையில்தான் இருக்கிறார். தெரிந்தவருக்குக் கையேடு தேவையில்லை. 933 என்று பார்த்ததும் ‘இது அச்சுப் பிழை’ என்று சிரித்துவிட்டு 993 போடுகிறவர் அந்தப் புத்தகத்தை வாங்கியே இருக்க மாட்டார். வாங்குகிறவர் அதில் உள்ளதை அப்படியே நம்பிச் செய்கிறவர். ஒன்று சரியாக வரவில்லை என்றால் தன் மேல்தான் சந்தேகப்படுவார், புத்தகத்தின் மேல் படமாட்டார்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன்.

“தம்பி, பதினோராம் பக்கத்துல 933ன்னு இருக்கு. 993 வரணும்.”

“ஒரு நம்பர்தானே ஐயா, பேனாவால திருத்திக்குங்க.”

“என் புத்தகத்த நான் திருத்திக்கிறேன்பா. நீ வித்த மத்த புத்தகத்த எல்லாம் யாரு திருத்துறது?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் விற்பனை நோட்டை எடுத்துப் பார்த்தார். ஐம்பதுக்கு மேல் விற்றிருந்தது. “முழுசாப் படிச்சுப் பார்த்துச் சொல்றீங்களா ஐயா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கடைக்கு நான் நல்ல மதிப்பெண் போடுவேன். தப்பைச் சொன்னால் கோபப்படும் கடைகளைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்.

இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். 23 இடங்களில் குறி போட்டேன். எல்லாம் ஒரே கனம் இல்லை. சந்திப் பிழை, ஒற்று மிகாத இடம் எல்லாம் இருந்தன. அவற்றால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் இருந்ததைப் பார்த்து எழுந்தே விட்டேன். ‘கடவுச்சொல்லை அளிக்கவும்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘கடவுச்சொல்லை அழிக்கவும்’ என்று அச்சாகியிருந்தது. ள-வுக்கு ழ. சொல்லை மட்டும் பார்க்கும் எழுத்துப் பிழை திருத்தி இதைப் பிடிக்காது, இரண்டுமே சரியான சொற்கள்தானே. நம் பக்கத்துப் பேச்சில் ஒலியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கையேட்டைப் பார்த்துச் செய்த ஒரு பெரியவர், கட்டத்தில் தான் அடித்திருந்த கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு, அடுத்த பொத்தான் ஏன் வேலை செய்யவில்லை என்று கடைக்கு வந்து கேட்டிருக்கிறார். கடைத் தம்பி அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தாராம். அந்தப் பெரியவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. எழுதியிருந்ததைத்தான் அவர் செய்தார்.

சில தப்புகள் எழுதும்போது தப்பாக இருந்தவை அல்ல, காலம் போனதால் தப்பானவை. ஜிமெயில் பற்றிய பக்கத்தில், பாதுகாப்புக் குறைந்த செயலிகளுக்கு அனுமதி தரும் பொத்தானை இயக்கச் சொல்லியிருந்தது. தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழியை கூகுள் 2022 மே 30ஆம் தேதியோடு மூடிவிட்டது. இப்போது தண்டர்பேர்ட் கூகுளின் சொந்த உள்நுழைவுப் பக்கத்தையே திறந்து காட்டும், அங்கே நுழைந்து ஒப்புதல் கொடுத்தால் போதும். நீல அட்டையைப் பார்த்து இல்லாத பொத்தானை எத்தனை பேர் தேடினார்களோ. திரைப் படங்களும் அப்படித்தான். நீல அட்டை தண்டர்பேர்டின் பழைய பதிப்பு ஒன்றை வைத்து எழுதப்பட்டது. 2023 ஜூலையில் வந்த 115ஆம் பதிப்பில் தண்டர்பேர்டின் முகமே மாறிவிட்டது: மேலே உள்ள பட்டை, மெனு இருக்கும் இடம், கடிதங்களை அட்டை அட்டையாகக் காட்டும் புதுத் தோற்றம். ‘இடப்பக்கம் மேலே உள்ள பொத்தான்’ என்று எழுதிய எல்லா இடத்தையும் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது.

கோப்புறையைச் சுருக்குவது பற்றிய பக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘சுருக்கினால் இணைத்த படங்களின் தரம் குறையும்’ என்று எழுதியிருந்தார்கள். அது தவறு. தண்டர்பேர்டில் ஒரு கோப்புறை என்பது வழக்கமாக ஒரே நீளமான கோப்பு. ஒரு கடிதத்தை நீக்கினால் நீக்கப்பட்டது என்று அதில் குறி மட்டும்தான் விழும், இடம் அப்படியே இருக்கும். நாம் செக்ரோலில் வேலையை விட்டுப் போனவர் பெயரின் மேல் கோடு போடுவது போல. சுருக்கும்போதுதான் கோடு போட்ட வரிகளை விட்டுவிட்டு, மீதியைப் புது ஏட்டில் எழுதிக்கொள்கிறது. இருக்கிற கடிதத்துக்கோ படத்துக்கோ ஒன்றும் ஆகாது. இந்த ஒரு வாக்கியத்தைப் பார்த்துப் பயந்து, சுருக்காமலே வைத்திருந்து, வட்டு நிறைந்து போனவர் ஒருவர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்.

எல்லாவற்றையும்விட மோசமான தப்பு பதினேழாம் பக்கத்தில் இருந்தது. அதை நான் கண்டுபிடிக்கவில்லை. அதனால் பாதிக்கப்பட்டவர் வந்து சொன்னார்.

மார்க்கெட் பக்கம் தையற்கடை வைத்திருக்கும் அக்கா, பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். பள்ளிகள் அளவுப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பும், அவர் விலை எழுதி அனுப்புவார். இரண்டு வருட ஆர்டர் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. கைப்பேசியில் பார்ப்பது கண்ணுக்குச் சிரமமாக இருக்கிறது என்று கடைக் கணினியில் தண்டர்பேர்ட் போட்டு, நீல அட்டையைப் பார்த்து அமைத்திருக்கிறார். மறுநாள் காலை கைப்பேசியைத் திறந்தால் பெட்டி காலி.

கோயிலுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தவர் முதலில் பேசவே இல்லை. அப்புறம், “கிராணியாரே, நான் எதையும் தொடல. புத்தகத்துல சொன்னதத்தான் செஞ்சேன்” என்றார். இரவெல்லாம் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பள்ளி திறப்பதற்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய அளவுகள் வேறு அதில் இருந்தனவாம்.

பதினேழாம் பக்கத்தை எடுத்தோம். பாப் முறையில் அமைக்கும்போது, சர்வரில் கடிதங்களை விட்டுவைப்பதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. ‘அந்தக் கட்டத்தில் குறி இருந்தால் எடுத்துவிடவும்’ என்று எழுதியிருந்தது. ‘குறி இல்லாவிட்டால் இடவும்’ என்று இருந்திருக்க வேண்டும். குறியை எடுத்ததால், கணினி எல்லாக் கடிதத்தையும் இறக்கிக்கொண்டு சர்வரில் இருந்ததைத் துடைத்துவிட்டது. கைப்பேசி சர்வரைத்தான் பார்க்கிறது, அதனால் அங்கே காலி. கடிதம் தொலையவில்லை, கடைக் கணினியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அது அக்காவுக்கு எப்படித் தெரியும்?

கடைத் தம்பியையும் அழைத்துக்கொண்டு போய், அதே முகவரியை ஐமேப் முறையில் இன்னொரு கணக்காகச் சேர்த்து, கணினியில் இருந்த கடிதங்களைப் பகுதி பகுதியாகத் தேர்ந்து அந்தக் கணக்கின் பெட்டிக்கு நகல் எடுத்தோம். நகல் எடுத்ததும் அவை சர்வருக்கு ஏறிவிடும். நானூற்றுச் சொச்சம் கடிதங்கள். மாலை ஆறு மணிக்கு அக்காவின் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அக்கா கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கடைத் தம்பி அவரிடம், “மன்னிச்சிடுங்க அக்கா, என் தப்பு” என்றார். தானாகவே சொன்னார், யாரும் சொல்லச் சொல்லவில்லை.

அந்தக் கட்டத்துக்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கிறது, அதிகபட்சம் இத்தனை நாள் என்று. அதில் 14 என்று போட்டிருக்கும். அதை அப்படியே விட்டால் பதினான்கு நாளைக்குப் பிறகு சர்வரில் இருந்து கடிதம் போய்விடும். நீல அட்டை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே பெட்டியைப் பார்க்கிறவர்கள் பாப் பக்கமே போக வேண்டாம், ஐமேப் போதும் என்பது என் கருத்து. மஞ்சள் அட்டையில் இதைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

தையற்கடை விஷயத்துக்குப் பிறகு தம்பியின் வேலை முறையே மாறியது. சனிக்கிழமை கடை சாத்தியதும் மடிக்கணினியோடு கோயில் ஆபீசுக்கு வருவார். நான் வாக்கியத்தை உரக்கப் படிப்பேன். அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்யக் கூடாது, நான் படித்ததை மட்டும் செய்ய வேண்டும். முதல் நாள் இது அவருக்குக் கடினமாக இருந்தது. தெரிந்தவர் கை தானாகச் சரியான பொத்தானுக்குப் போய்விடும், வாக்கியத்தில் ஒரு படி விட்டுப்போனது கண்ணில் படவே படாது. அதனால் என் தங்கையைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அறுபது வயது, கணினியைத் தொட்டதே இல்லை. கையேட்டை அவளிடம் கொடுத்துவிட்டு நாங்கள் வாயைத் திறக்காமல் அவள் விரலை மட்டும் பார்த்தோம். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு குறி. ‘அமைப்புகளுக்குச் செல்லவும்’ என்ற இடத்தில் அவள் விரல் ஒரு நிமிடம் காற்றிலேயே நின்றது. எங்கே இருந்து, எதை அழுத்திச் செல்ல வேண்டும் என்று வாக்கியத்தில் இல்லை. நானும் அந்த வாக்கியத்தை நான்கு முறை படித்திருக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. 23ஆக இருந்த பட்டியல் அன்றைக்கு 31 ஆனது.

ஒவ்வொரு திருத்தத்தையும் ஏட்டில் எழுதினோம்: பக்கம், வரி, அச்சில் இருப்பது, இருக்க வேண்டியது, எந்தப் பதிப்பில் செய்து பார்த்தது, யார் பார்த்தது. உதவி மெனுவில் தண்டர்பேர்டைப் பற்றி என்ற இடத்தை அழுத்தினால் பதிப்பு எண் தெரியும். நாங்கள் செய்து பார்த்தது 128இல். இந்த எண்ணைக் குறிக்காமல் ‘உங்கள் புத்தகம் தப்பு’ என்று சொல்வதில் பயனில்லை, ஏனென்றால் பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கு அது சரியாகவே இருக்கலாம்.

எதைப் பார்த்துச் சரிபார்த்தோம் என்றால், பெரும்பாலும் மொசில்லாவின் ஆங்கில உதவிப் பக்கங்களைத்தான். அவை எப்படி நடக்கின்றன என்று தெரிந்துகொண்டபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. அந்தப் பக்கங்களை எழுதுகிறவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி ஒரு பக்கத்துக்குத் திருத்தம் அனுப்பலாம். அனுப்பிய உடனே பக்கம் மாறிவிடாது. பொறுப்பில் உள்ள இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் வெளியே வரும். பழைய வடிவங்கள் அழிந்து போவதில்லை, யார் எப்போது எதை மாற்றினார் என்பது பக்கத்தின் வரலாற்றில் இருக்கும். எங்கள் ஆபீஸ் ஏட்டிலும் இதே சட்டம்தான். எழுதிய எண்ணைச் சுரண்டக் கூடாது, மேலே மை ஊற்றக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். ஆடிட்டர் வந்து பார்த்தால் தப்பும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும், திருத்தியவரும் தெரிய வேண்டும்.

கடைத் தம்பி மஞ்சள் அட்டையின் கடைசிப் பக்கத்தில் அதையே செய்திருக்கிறார். முதல் பதிப்பில் இருந்த 31 தப்புகளையும் ஒளிக்காமல் பட்டியல் போட்டு, திருத்தத்தையும் எதிரே போட்டிருக்கிறார். வியாபாரத்துக்குக் கெடுதல் என்று அவருடைய அப்பா தடுத்தாராம். இவர் கேட்கவில்லை.

மஞ்சள் அட்டையில் பிடித்தது இன்னும் இருக்கிறது. திரையில் தெரியும் ஆங்கில எழுத்தை அப்படியே ஒரு கட்டத்துக்குள் போட்டு, அடியில் அதன் ஒலிப்பையும் பொருளையும் தமிழில் தந்திருக்கிறார்கள். ‘பதில்’ என்பதும் ‘அனைவருக்கும் பதில்’ என்பதும் பக்கத்துப் பக்கத்தில் படத்தோடு இருக்கின்றன. எழுத்தும் ஒரு சுற்று பெரிதாகியிருக்கிறது. ஒன்பதாம் பக்கத்தில் ‘அளிக்கவும்’ என்பதையே எடுத்துவிட்டு, ‘கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யவும்’ என்று போட்டுவிட்டார்கள். அது என் யோசனை. இரண்டு விதமாகக் காதில் விழக்கூடிய சொல் கையேட்டில் வேண்டாம்.

குறையும் சொல்ல வேண்டும். 22ஆம் பக்கத்தில் முகவரிப் புத்தகம் பற்றிய பகுதி இன்னும் அவசர அவசரமாக எழுதியதாகத்தான் இருக்கிறது. ஒரு குழுவை உருவாக்கி எல்லாருக்கும் ஒரே தடவையில் அனுப்புவதைக் கோயில், சங்கம் நடத்துகிறவர்கள்தான் முதலில் தேடுவார்கள், அதற்கு நான்கு வரிதான் ஒதுக்கியிருக்கிறார்கள். கணினி கெட்டுப்போனால் கடிதங்களை எப்படி வேறு கணினிக்குக் கொண்டுபோவது என்பது இல்லவே இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் தண்டர்பேர்ட் 2024 அக்டோபரில் வந்துவிட்டது, அதைப் பற்றியும் எதுவும் இல்லை. அடுத்த பதிப்பில் மூன்றையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை உட்கார்வதற்கு என் தங்கையும் தயார், கைப்பேசியில் தன்னால் இன்னும் வேகமாகத் தப்புக் கண்டுபிடிக்க முடியும் என்கிறாள்.

மஞ்சள் அட்டைக்கு விலை ஏறவில்லை, அதே 8 வெள்ளி. நீல அட்டை வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுபோய்க் காட்டினால் 2 வெள்ளிக்கு மாற்றித் தருகிறார்கள். மாற்ற வேண்டாம் என்றால் ஒட்டுவதற்குத் திருத்தத் தாள் இலவசம். தாளை வாங்கியதும் முதலில் பதினேழாம் பக்கத்தில் ஒட்டுங்கள், அப்புறம் பதினொன்று, அப்புறம் ஒன்பது. கடை ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை.